கொசு விரட்டாத செடி

மழைக்கு முன்னால் வரும் டெங்கு அறிவிப்பு இந்த வாரம் செங்கல்பட்டுக்கும் வந்துவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, பழைய டயரிலும் தேங்காய்த் தொட்டியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போகிறார்கள். நல்ல காரியம். அதைப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில், ஒரு நர்சரி வாசலில் தொங்கிய அட்டை ஞாபகத்துக்கு வந்து எரிச்சலைக் கிளப்பிவிட்டது. 'கொசு விரட்டிச் செடி. வீட்டில் வைத்தால் கொசு அண்டாது.'

அது வாசனை ஜெரேனியம். இலையின் மேலுள்ள மெல்லிய ரோமங்களின் நுனியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. விரலால் தேய்த்தால் அவை உடைந்து, எலுமிச்சையும் ரோஜாவும் கலந்த மணம் எழும். தொடாமல் விட்டால் செடி சும்மாதான் நிற்கும். வராந்தா மூலையில் சும்மா நிற்கும் செடிக்குக் கொசு ஏன் பயப்பட வேண்டும்? 'சிட்ரோசா' என்று பெயர் சூட்டி இந்த வகையை வட அமெரிக்காவில் இதே பொய்யோடு விற்றார்கள். கனடாவில் ஆய்வாளர்கள் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள்: செடி பக்கத்தில் இருந்தும் கடி குறையவில்லை. கொசுக்கள் அந்த இலைமேலேயே வந்து உட்கார்ந்தன. நம் ஊர்ப் பாட்டிமார் நொச்சியைத் தொட்டியில் வைத்து வேடிக்கை பார்க்கவில்லை, தழையைத் தணலில் போட்டுப் புகை மூட்டினார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, செடியோடு தரும் பிளாஸ்டிக் தட்டு. அதில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

அடுத்தது, அந்தத் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் தென்னைநார்த் தூள், கோகோபீட். என் பழைய பகையாளி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் "மறுபடியுமா?" என்பார்கள். மறுபடியும்தான். லேசாக இருக்கிறது, லாரியில் ஏற்றச் சுலபம், அதனால் நர்சரிக்காரர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஐப்பசியில் நாள்கணக்காக மழை பெய்யும்போது அது குடித்த தண்ணீரை விடாது. ஜெரேனியத்தின் தண்டு அடியிலிருந்து கறுத்துக்கொண்டே மேலேறும். பிறகு எந்த மருந்தும் உதவாது. தென்னாப்பிரிக்காவின் சரிவுகளில், தண்ணீர் நிற்காத மண்ணில் வளர்ந்த செடி இது.

அந்த ஊர்த் தொடர்பு நமக்கு ரொம்ப தூரமில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேறியது. ஆசியாவிலிருந்து ஊர் திரும்பும் அதன் கப்பல்கள் அங்கே நின்று தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும். அந்தப் பக்கத்துச் செடிகள் டச்சுக் கப்பல்களில்தான் லெய்டன் தாவரத் தோட்டத்துக்குப் போயின. அதே கம்பெனிக்குத்தான் கல்பாக்கத்தை ஒட்டிய நம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டையும், செதுக்குவேலை மிகுந்த கல்லறைகளும். இங்கிருந்து அவர்கள் மெல்லிய துணியை அள்ளிப் போனார்கள்.

ஜெரேனியம் தமிழ்நாட்டில் வேர்பிடித்தது மலையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரிட்டு, தழையைக் காய்ச்சி வடித்து, சோப்புக்கும் அத்தருக்கும் எண்ணெய் எடுத்தார்கள். அந்தச் செடிக்கு இரவு குளிர வேண்டும். நம் கடற்கரையில் சித்திரை இரவு பகலைவிட மோசம்.

அதற்காக இங்கே வளராது என்று சொல்ல மாட்டேன். அடியில் நல்ல துளையுள்ள மண்தொட்டி, பாதிச் செம்மண், மீதிக்குப் பருமணலும் மக்கிய சாணமும். காலை வெயில் பத்து மணி வரை போதும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் வேரில்தான், இலையில் அல்ல. மார்கழி, தை இதற்குத் திருவிழாக் காலம். அப்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். விரல் நீளக் கொம்பைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் களைந்து, வெட்டுவாயைச் சில மணி நேரம் நிழலில் உலரவைத்து மணலில் நடுங்கள். பாலித்தீன் மூட வேண்டாம், அழுகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் தாய்ச்செடி போனாலும், நிழலில் வைத்த கன்றுகளில் ஒன்றிரண்டு மிஞ்சும்.

கைக்கு எட்டும் இடத்தில், போகும்போதும் வரும்போதும் இலையைத் தொட்டு முகரத் தோதாக வையுங்கள். அந்தத் தட்டை மட்டும் இன்றைக்கே எடுத்து எறிந்துவிடுங்கள். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள்.