காக்கா, பனம்பழம், லினக்ஸ்

காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையை நம்ம ராமநாதபுரம் ஜில்லாக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனைமரத்துக்கா இங்கே பஞ்சம்? ஆனால் கம்ப்யூட்டர் விஷயம்னு வந்துட்டா மட்டும் காக்காவைத்தான் பிடிச்சு அடிக்கிறோம் :)

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம்னா டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேணும். அதனால் பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் பசங்க உபுண்டு, மின்ட் என்று மாறுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மாறின மறுநாளே ஒரு புலம்பல்: "மச்சான், ஸ்பீக்கர்ல ஒரே இரைச்சல்டா, லினக்ஸ் வேஸ்ட்டுடா..."

என் கட்சி இதுதான். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. சத்தம் மூணு வகை, காரணமும் மூணு.

முதலாவது, பாட்டு ஆரம்பிக்கும்போதும் நின்ற பிறகும் வரும் "டப்". இது லினக்ஸ் வேலையாகவே இருக்கலாம். கரண்ட் மிச்சம் பிடிக்க சவுண்ட் சிப்பைத் தூங்க வைக்கிறது. தூங்கும்போதும் எழும்போதும் ஒரு டப். இன்டெல் ஹெச்.டி. ஆடியோ டிரைவரில் "பவர் சேவ்" என்று ஒரு எண் உண்டு. எத்தனை வினாடி சும்மா இருந்தால் தூங்கணும் என்பதுதான் அது. அதை 0 ஆக்கினால் தூங்கவே தூங்காது. டெஸ்க்டாப்புக்கு என்ன பேட்டரிக் கவலை?

இரண்டாவது, விடாத "ஸ்ஸ்ஸ்". புது ஓ.எஸ். போட்டதும் நாம பழைய ஓ.எஸ்ஸில் வைத்திருந்த அளவுகள் எல்லாம் போய்விடும். டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து, மைக் பூஸ்ட்டை இறக்கி, பயன்படுத்தாத லைன்-இன்னை மியூட் பண்ணிப் பாருங்க.

மூணாவதுதான் முக்கியம். "ம்ம்ம்ம்" என்று வண்டு மாதிரி ஒரு முனகல். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி பயாஸ் திரையிலேயே நிறுத்துங்க. அங்கே விண்டோஸும் கிடையாது, லினக்ஸும் கிடையாது. அப்பவும் முனகினால் ஓ.எஸ். நிரபராதி. அடுத்து சி.பி.யூ.விலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்க. இன்னும் முனகினால் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ கோளாறு. நின்றுவிட்டால் எர்த்தைச் சந்தேகப்படுங்க.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் முனகுகிறது. சி.பி.யூ.வுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். தன் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படி செய்யப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே தங்கும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதே, அது இதுதான். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, எர்த் கம்பியின் கிளாம்ப் எத்தனை வருஷம் தாங்கும்? போதாததற்கு மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஓட்டையில் மாட்டும் நம்ம கைவண்ணம் வேறு.

சரி, ஓ.எஸ். மாற்றினதும் ஏன் வந்தது? கடைக்குத் தூக்கிட்டுப் போய் வந்த சி.பி.யூ.வை வேற பிளக்கில் மாட்டியிருப்பீங்க. அவ்வளவுதான் மேட்டர்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது பழகின தப்பு. ஒரு செலவைத் தவறான தலைப்பில் எழுதினாலும் டிரயல் பேலன்ஸ் டேலி ஆகும், தப்பு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். முனகலை லினக்ஸ் கணக்கில் எழுதிட்டு, காசு கொடுத்துத் திருட்டு விண்டோஸ் போட்டாலும் அதே கதைதான். காசும் போச்சு, முனகலும் போகல.

அந்தச் சத்தம் ஒரு எச்சரிக்கை, நண்பர்களே. எர்த் இல்லாத அதே வீட்டில்தான் கிரைண்டரும் மோட்டாரும் ஓடுது, ஈரக்கையோடு அம்மா அதைத் தொடுறாங்க. லினக்ஸைத் திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க.