பாட்டியின் கட்டிலைக் கடைக்குப் போடாதீர்கள்!

கால் உடைந்த பழைய கட்டில் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. பாட்டி காலத்துக் கட்டில். பழைய சாமான் வியாபாரி வந்து பார்த்தார். "விறகு விலைதான் போகும்" என்றார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். நல்ல வேளை! ஜன்னல் பழுது பார்க்க வந்திருந்த ஆசாரி, கட்டில் சட்டத்தை உளியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே ஊதா கலந்த கருஞ்சிவப்பு. நடுநடுவே கறுப்பு வரி.

"அம்மா, இது ஈட்டி! தோதகத்தி என்பார்களே, அந்த மரம்!" என்றார். வியாபாரி மெல்ல நழுவினார்.

இப்படி எத்தனை வீட்டு ஈட்டி விறகு விலைக்குப் போயிற்றோ! மெதுவாக வளரும் மரம் இது. வெட்டியது அதிகம். 2017 ஜனவரி முதல் உலக நாடுகள் சேர்ந்து இந்த மர இனம் முழுவதன் வணிகத்துக்கும் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய மரத்தைக் காப்பாற்றுங்கள் என்பது என் கட்சி.

அந்தச் சட்டத்தில் ஒரு நகைப் பெட்டி செய்யச் சொன்னோம். மூன்று வாரம் ஆயிற்று. ஈட்டி அவ்வளவு கெட்டி. உளி சீக்கிரம் மழுங்கிவிடும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல். சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மூக்கில் துணி கட்டிக்கொண்டே அவர் இழைத்தார். மூலையில் ஒரு ஆணி கிடையாது. ஒரு பலகையில் புறா வால் போல விரிந்த பற்கள். மறு பலகையில் அதற்கேற்ற பள்ளம். கோத்துவிட்டால் இழுத்தாலும் வராது. மூடியின் நடுப்பலகையைப் பசை போடாமல் காடியில் சும்மா செருகினார்.

"ஆடாதா?" என்று கேட்டேன்.

"மழைக்கு மரம் அகலத்தில் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், தம்பி. இறுக்கி ஒட்டினால் வெடித்துவிடும்" என்றார்.

கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டுத் தேய்த்தார். பெட்டி கண்ணாடி போல மின்னியது.

"இந்தக் கூலிக்குக் கடையில் மூன்று பெட்டி வாங்கலாமே!" என்றார் என் மைத்துனர். வாங்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேல் ஈட்டி நிறத்தில் தாள் ஒட்டிய பெட்டி. ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும். கையில் காசு இல்லாதவர் அதை வாங்கினால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜவுளிக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, ஆசாரியிடம் மட்டும் பேரம் பேசுகிறோமே, அது என்ன நியாயம்?

கட்டிலின் மற்றொரு சட்டம் பரணில் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு இன்னொரு பெட்டி சொல்லியாயிற்று. பாதிக் கூலியை முன்பணமாகவும் கொடுத்துவிட்டோம்.