மீன் குழம்பு சாப்பிட்டதும் குழந்தைக்கு உதடு வீங்குதா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் மேட்டூர் அணை மீன் குழம்புதான். சாப்பிட்ட சில நிமிடங்களில் குழந்தைக்கு உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடாதீர்கள். அது மீன் அலர்ஜியாக இருக்கலாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீன் சதையில் உள்ள 'பார்வால்புமின்' என்கிற புரதம்தான் முக்கியக் காரணம். வேகவைத்தாலும் வறுத்தாலும் இது எளிதில் அழியாது. கட்லா, ரோகு, கெண்டை எனப் பல மீன்களிலும் இருப்பதால், வேறு மீன் கொடுத்துப் பார்ப்பதும் ஆபத்து. சிலருக்கு மீன் வேகும் ஆவி பட்டாலே ஒத்துக்கொள்ளாது.

முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். மீன் அலர்ஜி பெரும்பாலும் பெரியவர்களான பிறகும் தொடரும்.

மூச்சுத்திணறல், குரல் கம்மல், மயக்கம் வந்தால் கை வைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான்.

மீன் வறுத்த எண்ணெயில் அந்தக் குழந்தைக்கு அப்பளம்கூடப் பொரிக்காதீர்கள். பள்ளியில் சொல்லிவையுங்கள். "ஒரு துண்டுதானே கண்ணு, சாப்பிடு" என்று பாசமாக ஊட்டுகிற அம்மாயியிடம் முதலில் சொல்லிவையுங்கள்!