அமெரிக்க நாட்டுப்பாட்டும் நமது தெம்மாங்கும்

திண்டுக்கல் போன்ற ஓர் ஊரில், ஐம்பது அறுபது பேர் அமரக்கூடிய சிறு கூடமொன்றில், அமெரிக்க நாட்டுப்பாட்டை நேரிற் கேட்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம் என்று எவரேனும் சொல்வாராயின், "பூட்டுப் பட்டறையிலும் தோல் பதனிடுவதிலும் உழைக்கும் ஊருக்கு இது எதற்கு?" என்ற கேள்வி உடனே எழும். உழைக்கும் ஊராகையினாலேயே அது வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அப்பாட்டு தனவந்தர் மாளிகையிற் பிறந்ததன்று. பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழன்ற கறுப்பு மக்களும், மலைப்பிரதேசத்து ஏழை வெள்ளையரும், சுரங்கத் தொழிலாளரும், இருப்புப்பாதை போட்ட கூலிகளும் பாடியது அது. அதில் ஒலிக்கும் பாஞ்சோ என்னும் வாத்தியமே, ஆப்பிரிக்காவிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் நாட்டு வாத்தியங்களை நினைந்து செய்துகொண்டதாகும்.

நமது தேசத்திற்கும் அப்பாட்டிற்கும் உறவு உண்டு. 1936 பிப்ரவரியில் ஹோவர்ட் தர்மன் முதலியோர் பர்தோலியில் மகாத்மாவைச் சந்தித்தபொழுது, கறுப்பு மக்களின் பக்திப்பாட்டைப் பாடும்படி அவர் தாமே கேட்டுக்கொண்டார். 1959-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவியார் கொரெட்டாவும் நமது தேசத்தில் யாத்திரை செய்தனர். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே நிறுவிய காந்திகிராமத்திற்கும் வந்தனர். அந்த யாத்திரையில் தாம் பேசிய அளவிற்குத் தம் மனைவியார் பாடவும் நேர்ந்ததென்று கிங் பின்னர் எழுதினார்.

"நமது பாட்டே நசிக்கையில் அயலார் பாட்டு எதற்கு?" என்பர் சிலர். நசிப்பது உண்மை. ஏற்றம் போய் மின்சார மோட்டார் வந்தது. ஏற்றப்பாட்டும் உடன் போயிற்று. ஆனால் அமெரிக்கர் செய்ததைக் கவனிக்க வேண்டும். 1933 முதல் ஜான் லோமாக்ஸும் அவர் குமாரர் ஆலனும் தென்மாகாணச் சிறைச்சாலைகளுக்குள்ளும் சென்று, கைதிகளின் பாட்டைப் பதிந்து காங்கிரஸ் நூல்நிலையத்திற் சேமித்தனர். நம்மிடையே நாட்டுப்பாடல்களைத் திரட்டிப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2018-ல்தான்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பறை கொட்டுகிறவரைப் பாடைக்கு முன்னே நடக்க மட்டும் அழைத்து, சபையில் ஆசனம் தர மறுக்கும் வழக்கம் நமது கிராமங்களிலிருந்து முற்றும் ஒழியவில்லை. அமெரிக்க அடிமையின் பாட்டுக்குக் கரகோஷம் செய்துவிட்டு, தன் ஊர்க் கலைஞனை வாசலில் நிறுத்துகிறவன், அந்தப் பாட்டைக் கேட்டவனாக மாட்டான்.

ஆகையால் நாம் சொல்வது இதுவே. மாலையின் முற்பாதியில் அமெரிக்கப் பாட்டு நடக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் பொருளையும் முன்னதாகத் தமிழில் ஒருவர் விளக்கட்டும். பிற்பாதியில், அதே மேடையில், அதே சன்மானத்துடன், சுற்றுக் கிராமத்தாரின் தெம்மாங்கும் பறையும் முழங்கட்டும். சிறு கூடத்திற்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை; பள்ளிக்கூட மண்டபமொன்று போதும். கட்டணம் தொழிலாளி கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ் செல்வர் எவரும் முன்வர வேண்டியதில்லை. பத்து ஆசிரியர்களும் இருபது வாலிபர்களும் மனம் வைத்தால் இம்மாதமே தொடங்கலாம்.