"பார்ப்பம்" என்றால் யார் பார்ப்பது?

ஒவ்வொரு ஜனவரியிலும் மொன்றியல் துறைமுகத்தில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். புத்தாண்டில் வழியில் நிற்காமல் முதலாவதாக வந்துசேரும் கடற்கப்பலின் கப்டனுக்குத் தங்கப்பிடி போட்ட கைத்தடி கொடுப்பார்கள். 1840இல் தொடங்கிய வழக்கம். முதலில் தொப்பிதான் பரிசாம். அந்தக் காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும், முதல் கப்பல் வசந்தத்தில்தான் வரும். 1964 ஜனவரி 4ஆம் திகதி 'ஹெல்கா டான்' என்ற டென்மார்க் கப்பல் பனிக்குள்ளால் வந்துசேர்ந்த பிறகுதான் குளிர்காலப் போக்குவரத்து வழமையானது. இந்தச் சடங்கில் எனக்குப் பிடித்த விசயம், இழுபறிக்கு இடமே இல்லை. கப்பல் வந்ததா, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்? மூன்றுக்கும் பதில் இருக்கும்.

எங்கட அலுவலகக் கூட்டங்களில் இந்த மூன்றும்தான் காணாமல் போகின்றன.

துறைமுகத்தில் சரக்கெடுக்க வரும் பாரவூர்திகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளில் சில வருடம் வேலை செய்தேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு 11 பேர், ஒரு மணித்தியாலம். கூட்டிப் பார்த்தால் ஒருவருடைய ஒன்றரை நாள் வேலை. பிரெஞ்சில் 'ஓன்' என்று ஒரு சொல் உண்டு. நாங்கள், யாரோ, எல்லாரும் என்று எதையும் குறிக்கும். 'ஓன் வா ரெகார்தே சா' என்றால் எங்கட 'பார்ப்பம்' தான். யார் பார்ப்பது என்பது மட்டும் தெரியாது.

ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட நாள் குறித்தார்கள். அதற்குள் பழைய தரவுகளை மாற்றி முடியாது என்பது எனக்குத் தெரியும். பிரெஞ்சில் தடுமாறுவேனோ என்ற கூச்சம் ஒருபக்கம், பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கிடக்கூடாது என்ற வளர்ப்பு மறுபக்கம். தலையாட்டிவிட்டேன். வெளியே வந்து கோப்பி மெசினடியில் இன்னொரு தமிழ்ப் பொடியனிடம் "இது சரிவராது" என்றேன். சரிவரவில்லைதான். வெளியிட்ட அன்று காலை பதிவுகள் குழம்பி, சாரதிகள் வாசலில் மணிக்கணக்காக நின்றார்கள். ஓடிய பயணத்துக்குத்தான் காசு என்று வேலை செய்கிறவர்கள். எங்கட ஆட்களும் அதில் நின்றார்கள். நான் சொல்லாமல் விழுங்கிய ஒரு வசனத்தின் விலையை அவர்கள் கட்டினார்கள்.

இப்போது நான் நடத்தும் கூட்டங்களில் முடிவெடுக்க ஒன்றும் இல்லையென்றால் கூட்டமே இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு திகதி. இரண்டு பெயர் போட்டால் ஒருவருமே செய்யமாட்டார்கள். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசித்துத்தான் தொடங்கும். "இதில் எது பிழைக்கும்?" என்று புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்பேன், மேலாளர் கடைசியாகத்தான் பேசுவார். முதல் கிழமை மேலாளருக்கு முகம் சரியில்லை. பிறகு பழகிவிட்டார்.

எல்லாத் தாமதத்தையும் நான் 'பார்ப்பம்' கணக்கில் போடவில்லை. மொன்றியலிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தள்ளிக் கொன்ட்ரகேரில் துறைமுகம் நிலம் வாங்கியது 1980களின் கடைசியில். அங்கே வரவிருக்கும் கொள்கலன் முனையத்துக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததோ 2021 மார்ச்சில். விரைவுபடுத்த வேண்டிய பெருந்திட்டங்களின் முதற்பட்டியலில் பிரதமர் மார்க் கார்னி அதைச் சேர்த்தது 2025 செப்டெம்பரில். இடையில், கியூபெக்கின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீனினத்துக்காகப் பேசியவர்களின் குரலும் கேட்கப்பட்டது. அந்தக் கூட்டங்களை வீண் என்று சொல்லமாட்டேன். எதிர்ப்பை மேசையிலேயே கேட்பது வேறு, ஒருவரும் பொறுப்பெடுக்காமல் நாளைத் தள்ளுவது வேறு.

இரண்டாவது வகையில் எங்கட சங்கங்கள் கெட்டிக்காரர். போன மாதம் பழைய மாணவர் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணினி அனுப்புவதென்று மூன்றாவது வருடமாக ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கைதட்டி முடிய, இங்கேயே பிறந்த பிள்ளை ஒன்று எழும்பி, "அதிபரோட ஆர் கதைக்கிறது?" என்று கேட்டது. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் "பார்ப்பம் பிள்ளை" என்றார். அவள் கொப்பியில் அவருடைய பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தினையாந் திகதி, மாமா?"