உழவர் எழுப்பிய ஆலயங்கள்

ஓர் ஆலயத்தை நிலைநிறுத்துவது கல்லும் சுண்ணாம்புமா, அன்றேல் அதில் கூடிச் செபிக்கும் மக்களா? இக்கேள்விக்கு விடை தேடுவோர், வட ஐரோப்பாவில் பால்டிக் கடலின் நடுவே கிடக்கும் கோட்லாந்து தீவை ஒருமுறை நோக்குதல் நன்று. சுவீடன் நாட்டின் மிகப் பெரிய தீவு அது. ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீற்றர் பரப்பும் சுமார் 60,000 மக்களும் கொண்ட அத்தீவின் நாட்டுப்புறத்தில், மத்திய காலத்தில் எழுப்பப்பட்ட 90 இற்கும் மேற்பட்ட ஆலயங்கள் இன்றும் வழிபாட்டுத் தலங்களாக விளங்குகின்றன. வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு கோபுரம் கண்ணிலிருந்து மறையுமுன் அடுத்த கோபுரம் தோன்றுகின்றது.

அத்தீவில் கிறிஸ்தவம் வேரூன்றிய கதையை, 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘குட்டா சாகா’ என்னும் பழைய நூல் கூறுகின்றது. போத்தேர் என்னும் தீவுவாசி ஒருவர் அங்கு முதலாவது ஆலயத்தைக் கட்டினார். புதிய மறையை ஏற்காத மக்கள் அதனைத் தீயிட்டு அழித்தனர். அவர் மனந்தளராது வேறோர் இடத்தில் இரண்டாவது ஆலயத்தை எழுப்பினார். அதனையும் எரிக்க மக்கள் திரண்டபோது, அவர் ஆலயத்தின்மீது ஏறி நின்று, எரிப்பதாயின் தம்மையும் சேர்த்தே எரிக்குமாறு கூறினாராம். செல்வாக்கு மிக்க அவருடைய மாமனாரும் அவருக்காகப் பரிந்து பேசினார். அவ்வாலயம் தப்பியது. தீவில் எரிக்கப்படாது நிலைத்த முதல் ஆலயம் இதுவே என்பது அந்நூலின் கூற்று.

இவ்வாறு தொடங்கிய விசுவாசம் கிராமங்கள்தோறும் பரவியது. ஆரம்பத்தில் மரத்தாலான சிற்றாலயங்களே இருந்தன. பின்னர் 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தீவில் தாராளமாகக் கிடைத்த சுண்ணாம்புக் கற்களையும் மணற்கற்களையும் கொண்டு கல்லாலயங்கள் எழுந்தன. அவற்றை எழுப்பியோர் மன்னரோ சிற்றரசரோ அல்லர். கோடையில் கடல் கடந்து வாணிபம் செய்தும், எஞ்சிய காலத்தில் நிலத்தை உழுதும் வாழ்ந்த கமக்காரர்களே தத்தம் பங்குகளில் அவற்றைக் கட்டினர்.

அவ்வாலயங்களுள் சிலவற்றையேனும் இங்கு குறிப்பிடல் வேண்டும். கார்தா ஆலயத்தின் கோபுர வளைவில், கிழக்கத்திய திருச்சபையின் பாணியில் தீட்டப்பட்ட 12ஆம் நூற்றாண்டுப் புனிதர்களின் உருவங்கள் உள்ளன. ரஷ்ய நகரங்களோடு அத்தீவினர் கொண்டிருந்த வாணிப உறவு கொணர்ந்த கொடை அது. தால்ஹெம் ஆலயத்தில் 13ஆம் நூற்றாண்டுக்குரிய வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களைக் காணலாம். ஓயா ஆலயத்தின் சிறப்பு, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மரத்தில் செதுக்கப்பட்ட மாபெரும் பாடுபட்ட சுரூபமாகும். சிலுவையைச் சூழ்ந்த வட்டத்தினுள் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சி செதுக்கப்பட்டுள்ளது. அன்னை மரியாள் சிலுவையருகே துயருற்று நிற்கின்றார். பாவமும் மீட்பும் ஒரே பார்வையில் விளங்குமாறு அமைத்தமை, எழுத்தறியாத மக்களுக்கு அளிக்கப்பட்ட மறைக்கல்வியன்றோ!

எனினும், நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைப்பது ஷெல்லுங்கே ஆலயம். அங்கு பீடப்பகுதி மிக உயர்ந்தும் அகன்றும் நிற்க, மக்கள் கூடும் பகுதியோ அதனருகே சிறு குடில்போல் ஒடுங்கிக் கிடக்கின்றது. பழைய ஆலயத்தைப் படிப்படியாக அகற்றிப் பெரியதொன்றைக் கட்ட விழைந்த பங்கு மக்கள், பீடப்பகுதியை முடித்த நிலையிலேயே பணியை நிறுத்த நேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் தீவைத் தாக்கியது. 1361ஆம் ஆண்டு டென்மார்க் மன்னன் வால்டெமாரின் படை தீவின்மீது பாய்ந்தது. அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே சுமார் 1,800 கமக்காரர் வெட்டுண்டு மாண்டனர். அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் நாட்டப்பட்ட கற்சிலுவை, தங்களுக்காகச் செபிக்குமாறு வழிப்போக்கரை வேண்டுகின்றது.

அதன்பின் செல்வம் குன்றியது. புதிய ஆலயப் பணிகள் ஓய்ந்தன. பழையதை இடித்துப் புதியதைக் கட்டப் பணமில்லாமையே, அவ்வாலயங்கள் பழைமை மாறாது நம் காலம்வரை எஞ்சக் காரணமாயிற்று.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாத மனிதனைக் கண்டோர் நகைப்பர் என ஆண்டவர் எச்சரித்தார் (லூக் 14:28-30). ஷெல்லுங்கே மக்களோ முற்றுப்பெறாத அவ்வாலயத்தைக் கைவிடவில்லை. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதிலேயே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தனர்; இறந்தோரை வழியனுப்பினர்.

இதற்கு மாறானது விஸ்பி நகரின் கதை. பெரும் வணிகர்கள் வாழ்ந்த அந்நகரில் பத்துக்கும் மேற்பட்ட ஆலயங்கள் இருந்தன. தொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆலயங்களும் அவற்றுள் அடங்கும். வணிகம் நலிந்தது, 1525ஆம் ஆண்டு லூபெக் நகரத்தார் விஸ்பியைத் தாக்கினர், தொடர்ந்து சமயச் சீர்திருத்தம் வந்தது. வணிகரும் துறவிகளும் அகன்றபின் அவ்வாலயங்கள் கூரையிழந்து பாழடைந்தன. ஜேர்மானிய வணிகருக்காக எழுப்பப்பட்டு 1225ஆம் ஆண்டு நேர்ந்தளிக்கப்பட்ட மரியன்னை ஆலயம் மட்டுமே பேராலயமாக எஞ்சியுள்ளது. செல்வர் கட்டியவை இடிந்தன. உழவர் கட்டியவை நிற்கின்றன. முன்னையவற்றைச் சூழ்ந்து வாழ்ந்து செபித்த மக்கள் இல்லாது போயினர்; பின்னையவற்றுக்கு அத்தகையோர் இருந்தனர்.

அவ்வாலயங்கள் இன்று கத்தோலிக்க ஆலயங்கள் அல்ல; லூத்தரன் மரபைச் சேர்ந்த சுவீடன் திருச்சபைக்குரியவை. ஆயினும், நம் முன்னோரின் விசுவாசத்தில் பிறந்த சுரூபங்களையும் திருமுழுக்குத் தொட்டிகளையும் அவர்கள் பேணி வந்துள்ளமைக்கு நாம் நன்றியுடையோராதல் தகும். 2016ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடனின் லூண்ட் நகருக்குச் சென்று லூத்தரன் சகோதரருடன் இணைந்து செபித்தார். பிரிவினைக்கு முந்திய பொதுச் சொத்தாகிய இவ்வாலயங்களும் அதே ஒன்றிப்பை நமக்கு நினைவூட்டுகின்றன.

அன்பார்ந்த வாசகர்களே, நம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று வட ஐரோப்பிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்வோர் வாய்ப்பிருப்பின் இத்தகைய கிராமத்து ஆலயமொன்றினுள் நுழைந்து சற்று முழந்தாளிடுவார்களாக. அவ்வாறே, அப்பிள்ளைகள் அனுப்பும் பொருளுதவியால் நம் ஊர்களில் பழைய ஆலயங்களை அகற்றிப் பெரியவற்றை எழுப்ப முனையும்போது, ஒரு கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்: கட்டி முடித்தபின் ஞாயிறுதோறும் அதனை நிரப்பப்போவது யார்? மாலைச் செபமாலைக்கு மணி ஒலிக்கும்போது எழுந்து வரப்போவது யார்? உயிருள்ள கற்களால் கட்டப்படும் ஆலயத்தைப் பற்றிப் புனித பேதுரு எழுதினார் (1 பேது 2:5). அக்கற்கள் நாமே. நாம் விலகினால் எந்த மதிலும் நில்லாது. நாம் கூடி நின்றால் பாதியில் நின்ற ஆலயமும் தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.