பொது இணைய நிலையமும் அதை அறியும் வழியும்

ஊரில் பொதுக் கிணறு இருந்தும் அதற்குச் செல்லும் வழி அறியாதவர் தாகத்துடனேயே திரும்புவர். பொது வைஃபை நிலையங்களின் நிலைமையும் இத்தகையதே.

2020-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மத்திய மந்திரிசபை 'பி.எம். வாணி' என்னும் திட்டத்தை அங்கீகரித்தது. இதன்படி மளிகைக் கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் லைசென்ஸோ கட்டணமோ இன்றி நிலையம் வைத்து, இணையத்தைச் சில்லறையாக விற்கலாம். அருகிலுள்ள நிலையங்களைக் காட்டுவது கைப்பேசிச் செயலியின் வேலை.

சிட்டா நகலுக்காகவோ, பி.எம். கிசான் அடையாளச் சரிபார்ப்புக்காகவோ நெடுந்தூரம் நடந்த குடியானவர், நிலையம் மூடியிருக்கக் கண்டால் அவருடைய ஒரு நாள் வேலை வீணாகும். ஆகையால் நிலையத்தின் தூரம், விலை, அது அப்பொழுது இயங்குகிறதா என்னும் மூன்றையும் செயலியின் முதற் பக்கத்திலேயே தமிழில் காட்டுதல் அவசியம். இன்னொன்றும் உண்டு. இணையம் இல்லாதவரே அதைத் தேடுகின்றார். தேடுவதற்கே இணையம் வேண்டுமெனில் அச்செயலியால் பயன் யாது? சுற்றுவட்டார நிலையங்களின் பட்டியல் கைப்பேசியில் முன்னரே பதிந்திருக்க வேண்டும்.

அதுவரையில் கிராம அலுவலர்கள் அப்பட்டியலையும் விலைகளையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி, மாதந்தோறும் சரிபார்த்து வரலாம். வீட்டிற்குக் கண்ணாடி இழை இணைப்புப் பெற்றுள்ள நிலச்சுவான்தார்கள், இணைப்பளிக்கும் நிறுவனத்தின் சம்மதத்துடன் தாமே ஒரு நிலையம் தொடங்குதலும் நன்று. ஊருக்கு உதவும், செலவில் ஒரு பங்கும் திரும்பி வரும்.